அந்த 18,467 ரூபாய் எங்கே போனது?

தென்மாவட்டத்து நகரம் ஒன்றில், மளிகை மொத்த வியாபாரக் கடையில் நான்கு வருடமாகக் கணக்கு எழுதும் ஒரு சகோதரியிடமிருந்து நீளமான கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கடையின் எக்செல் ஷீட்டை அமைத்தவர் இவருக்கு முன்பு இருந்த கணக்குப்பிள்ளை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மார்ச் மாத விற்பனை ஷீட்டில் சுமார் 1,800 பில்கள். முதலாளியின் மகன் அதை பிரிண்ட் எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற தொகைகளை ஒவ்வொன்றாகக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்திருக்கிறார். அடியில் ஷீட் காட்டும் மொத்தத்தைவிட 18,467 ரூபாய் அதிகமாக வந்திருக்கிறது. "இந்தப் பணம் எங்கே? கணக்கு காட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிப்போம்" என்று சொல்லிவிட்டார். அதே மாதத்தில் சரக்கு திரும்பி வந்ததற்காக மூன்று கிரெடிட் நோட், மொத்தம் 18,450 ரூபாய்க்குப் போட்டதாகவும், ஷீட்டில் அந்த மூன்று கட்டங்களும் காலியாகக் கிடப்பதாகவும் வாசகி எழுதியிருக்கிறார். தான் அடித்தது அழிந்துவிட்டதோ, மறுபடி கீழே ஒரு வரிசையில் அடித்துவிடலாமா என்பது அவருடைய முதல் கேள்வி.

இன்னும் இரண்டு சங்கடங்கள். வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் (சரக்கு இருப்புப் பட்டியல்) லட்சக் கணக்கில் கமா விழ வேண்டும் என்பதற்காக, யாரோ வீடியோவில் சொன்ன டெக்ஸ்ட் ஃபார்முலாவைப் போட்டிருக்கிறார். கமா விழுந்தது, ஆனால் கூட்டினால் மொத்தம் 0 என்று வருகிறது. அதனால் மாதாமாதம் மொத்தத்தைக் கையால் அடிக்கிறார். அப்புறம், மிளகின் ஹெச்எஸ்என் எண்ணை (ஜிஎஸ்டிக்காக ஒவ்வொரு சரக்கு வகைக்கும் உள்ள குறியீடு) 0904 என்று அடித்தால் 904 ஆகிவிடுகிறது. "எனக்குக் கணினி அறிவு குறைவு, எக்செல் என்னிடம் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். தயவுசெய்து அந்த கிரெடிட் நோட்களை மறுபடி அடிக்காதீர்கள். அவை அழியவில்லை, அந்தக் கட்டங்களுக்குள்ளேயே இருக்கின்றன. இன்னொரு வரிசையில் அடித்தால் 18,450 ரூபாய் இரண்டாவது முறையாகக் கழிந்து, இன்று இல்லாத ஒரு பற்றாக்குறை நாளை நிஜமாகவே வந்துவிடும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்களை அறியாமலே விடையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். "அந்தக் கட்டத்தின் ஃபார்மட்டில் #,##0;; என்று ஏதோ கிறுக்கியிருக்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்தக் கிறுக்கலில் கடைசியாக இருக்கும் இரண்டு அரைப்புள்ளிகள்தான் உங்கள் 18,450 ரூபாயை மறைத்து வைத்திருக்கின்றன.

எண் வேறு, அது போட்டிருக்கும் சட்டை வேறு

எக்செல் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சங்கதிகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று எண். மற்றொன்று, அந்த எண் வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்ற குறிப்பு. அந்தக் குறிப்புக்குத்தான் நம்பர் ஃபார்மட் கோட் என்று பெயர். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. கூட்டல், பெருக்கல் எல்லாம் ஆளை வைத்துத்தான் நடக்கும். நாம் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது சட்டையை. உங்கள் சின்ன முதலாளி சட்டைகளை எண்ணினார், எக்செல் ஆட்களை எண்ணியது.

இந்தக் கோடில் வரும் குறிகள் கொஞ்சம்தான். 0 என்று போட்டால் அந்த இடத்தில் கட்டாயம் ஓர் இலக்கம் தெரியும், எண்ணில் இல்லாவிட்டால் பூஜ்யமாவது நிற்கும். # போட்டால் இலக்கம் இருந்தால் மட்டும் தெரியும். அதனால்தான் 7 என்ற எண் 000 என்ற கோடில் 007 ஆகவும், ### என்ற கோடில் வெறும் 7 ஆகவும் தெரிகிறது. நடுவில் வரும் கமா இலக்கங்களைப் பிரிக்கிறது. அதே கமாவைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் வேலையே மாறிவிடும். எண்ணை ஆயிரத்தால் வகுத்தது போலக் காட்டும்: #,##0, என்று எழுதினால் 45,000 என்பது 45 என்று தெரியும். இதைத் தெரியாமல் ஒரு கமா அதிகமாக அடித்துவிட்டு, கடையே நொடித்துப்போனதாக நினைத்து எனக்கு இரவு 10 மணிக்கு போன் செய்தவர்கள் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு முக்கியமானது அரைப்புள்ளி. ஒரு கோடை அரைப்புள்ளி போட்டு நான்கு அறைகளாகப் பிரிக்கலாம். முதல் அறை கூட்டல் எண்களுக்கு. இரண்டாவது கழித்தல் எண்களுக்கு. மூன்றாவது பூஜ்யத்துக்கு. நான்காவது எழுத்துகளுக்கு. ஒரே அறை இருந்தால் எல்லா எண்களும் அதற்குள்ளேயே குடியிருக்கும். அரைப்புள்ளி போட்டுவிட்டு அறையைக் காலியாக விட்டால், "இந்த வகை எண்ணைக் காட்டாதே" என்று பொருள்.

இப்போது #,##0;; என்பதை வாசியுங்கள். கூட்டல் எண்ணுக்குக் கமா போட்டுக் காட்டு. கழித்தல் எண்ணைக் காட்டாதே. பூஜ்யத்தையும் காட்டாதே. கிரெடிட் நோட்டைக் கழித்தல் குறியோடு அடித்திருப்பீர்கள். கட்டம் காலியாகத் தெரிந்தது. ஆனால் மொத்தம் போடும்போது அது ஒழுங்காகக் கழிந்தது.

பழைய கணக்குப்பிள்ளை ஏதோ திருட்டுத்தனம் செய்திருக்கிறார் என்று சின்ன முதலாளி அடுத்ததாகச் சந்தேகப்படக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூஜ்யங்கள் வரிசையாக நின்று கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை மறைக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. பூஜ்யத்தை மட்டும் மறைக்க #,##0;-#,##0; என்று எழுதியிருக்க வேண்டும். நடு அறையை நிரப்ப மறந்துவிட்டார். ;;; என்று வெறும் மூன்று அரைப்புள்ளிகள் மட்டும் இருந்திருந்தால் நானும் புருவத்தைத் தூக்கியிருப்பேன். அது எண், எழுத்து எதையும் காட்டாத கோட். அதை யாரும் கைதவறிப் போடுவதில்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் ஷீட்டில் காலியாகத் தெரிந்த ஒரு முழு நெடுவரிசையில் தனிப்பட்ட தள்ளுபடிகள் உட்கார்ந்திருந்ததை இந்த மூன்று அரைப்புள்ளிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். காலியாகத் தெரியும் அந்தக் கட்டத்தைச் சொடுக்கினால், மேலே ஃபார்முலா பாரில் தொகை கழித்தல் குறியோடு தெரியும். மூன்றையும் பார்த்துக் கூட்டுங்கள். 18,450 வரும் என்று எதிர்பார்க்கிறேன். பிறகு அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் 1-ஐ அழுத்தி, கஸ்டம் என்ற இடத்தில் #,##0.00;(#,##0.00);0.00 என்று கொடுங்கள். திரும்பி வந்த சரக்கெல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கும். என் தலைமுறை ஆட்கள் பேரேட்டில் கழிவைச் சிவப்பு மையில் எழுதிப் பழகியவர்கள். கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வழக்கமே. அதை மறைத்துவிட்டு ஷீட்டை அழகாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மீதி 17 ரூபாய்

18,467-இல் 18,450 போனால் 17 மிச்சம். "இந்தச் சில்லறை ஏதோ எக்செல் பிழை, விட்டுவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த 17 ரூபாயில் சின்ன முதலாளி சொல்வது சரி, உங்கள் ஷீட்தான் தவறு.

நீங்கள் எடையை விலையால் பெருக்கித் தொகை எடுக்கிறீர்கள். 12.350 கிலோ, கிலோ 187.50 ரூபாய் என்றால் விடை 2,315.625. கடை பில்லில் அது 2,316 என்று முழு ரூபாயாக அச்சாகிறது, வாடிக்கையாளரும் 2,316தான் கொடுக்கிறார். ஷீட்டிலும் கோட் #,##0 என்பதால் 2,316 என்றே தெரிகிறது. ஆனால் உள்ளே இருப்பது 2,315.625. மொத்தம் போடும்போது எக்செல் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. 37.5 காசு காணாமல் போகிறது.

சின்னதாக ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். 10.4, 20.4, 30.4 என்று மூன்று எண்களை அடித்து, கோடை 0 என்று வையுங்கள். 10, 20, 30 என்று தெரியும். மொத்தம் 61 என்று வரும். எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் 60 என்றுதான் சொல்லும். உள்ளே 61.2 இருக்கிறது.

1,800 பில்களில் ஒவ்வொன்றிலும் 50 காசு வரை இப்படி ஏறவோ இறங்கவோ முடியும். மோசமான கணக்கில் 900 ரூபாய் வரை போகலாம். நடைமுறையில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால் 17 என்பது நம்பக்கூடிய தொகைதான். கல்லாவுக்கு வந்த பணம் முழு ரூபாய் பில்களின் கூட்டல். ஆகவே விற்பனைக் கணக்கும் அந்த முழு ரூபாய்களையே காட்ட வேண்டும்.

கோட் எதையும் முழு ரூபாயாக ஆக்குவதில்லை, ஆக்கியது போலக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிஜமாகவே ஆக்க ரவுண்ட் ஃபார்முலா வேண்டும். ரவுண்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் உங்கள் எடை-விலைப் பெருக்கலைப் போட்டு, ஒரு கமா, ஒரு 0. இனிமேல் உள்ளே இருப்பதும் 2,316 ஆகிவிடும். 50 காசும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம் என்பதே மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவும் கட்ட வேண்டிய வரித் தொகைக்குச் சொல்லும் முறை. ரவுண்டும் அப்படியேதான் செய்கிறது. ஒரு கண்டிஷன்: கடை பில்லில் எந்த இடத்தில் முழுமையாக்குகிறதோ, அதே இடத்தில்தான் ஷீட்டிலும் செய்ய வேண்டும். பில்லின் கடைசித் தொகையை மட்டும் முழுமையாக்குகிற கடையில் ஒவ்வொரு சரக்குக்கும் ரவுண்ட் போட்டால் வேறொரு 17 ரூபாய் முளைக்கும்.

யாராவது எக்செல் ஆப்ஷன்ஸில் "திரையில் தெரிவதையே கணக்குக்கு எடுத்துக்கொள்" என்கிற மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது, அதை டிக் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். இருக்கிறது. தொடாதீர்கள். அது அந்த ஃபைல் முழுவதிலும், தெரியாமல் இருந்த காசுகளையெல்லாம் நிரந்தரமாக வெட்டிவிடும். பிறகு டிக்கை எடுத்தாலும் திரும்பி வராது.

ஆக, 18,450-இல் ஷீட்டின் மொத்தம் சரி, கண்ணுக்குத் தெரிந்தது தவறு. 17-இல் கண்ணுக்குத் தெரிந்தது சரி, மொத்தம் தவறு. இரண்டையும் ஒரே தொகையாகப் பார்த்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

லட்சத்துக்குக் கமா போடப் போய் மொத்தம் பூஜ்யமான கதை

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இந்தப் பகுதிதான். 18,467 ரூபாய் விஷயத்தில் நீங்கள் எதையும் தவறாக மாற்றவில்லை. வங்கி ஸ்டேட்மென்டில் மொத்தத்தைக் கையால் அடிக்கிறீர்கள், அது ஆபத்து.

டெக்ஸ்ட் ஃபார்முலா எண்ணுக்குச் சட்டை போடுவதில்லை. எண்ணைப் படம் எடுத்து, படத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. 12,45,600 என்று அழகாகத் தெரிவது எழுத்து, எண் இல்லை. எழுத்துகளை சம் ஃபார்முலா சட்டை செய்யாது, அதனால் 0. கட்டத்தில் தொகை இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நீங்களாக நகர்த்தாத வரை எண்கள் வலது பக்கமும், எழுத்துகள் இடது பக்கமும் நிற்கும். கூட்டல் குறி போட்டு இரண்டு கட்டங்களைக் கூட்டினால் சில நேரம் சரியான விடை வந்தும் தொலைக்கும். அப்போது நாம் எண் என்றே நம்பிவிடுவோம், அது இன்னும் மோசம்.

சின்னத் தொகைகளுக்கு முன்னால் கமா தொங்குகிறது என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. நீங்கள் பயன்படுத்திய ##\,##\,##0 என்ற கோடில், பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் வரும் கமா பிரிக்கிற கமா இல்லை. "இந்த இடத்தில் ஒரு கமா வரை" என்ற கட்டளை அது. இலக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரையும். அதனால் 850 ரூபாய் ,,850 ஆகிறது.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த முதல் வழி, எக்செலையே தொடாமல் விண்டோஸில் மாற்றுவது. கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்ற இடத்துக்குப் போய், கூடுதல் அமைப்புகளைத் திறந்தால், இலக்கங்களை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும். 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி சாதாரண #,##0 என்ற கோடே லட்சம், கோடி என்று பிரித்துக் காட்டும். எண் எண்ணாகவே இருக்கும், கூட்டலும் வரும். குறை என்னவென்றால் இது அந்தக் கணினியின் அமைப்பு. ஃபைலோடு சேர்ந்து பயணம் செய்யாது. வங்கி மேலாளரின் கணினியில் மில்லியன் கணக்கில் அமைத்திருந்தால் அங்கே 1,245,600 என்றுதான் தெரியும். பிரிண்டாகக் கொடுப்பவர்களுக்குக் கவலையில்லை.

இரண்டாவது வழி, ஃபைலோடு போகிற கோட்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனை போட்டால் அறைகளின் பொருள் மாறிவிடும். ஒரு கோடியும் அதற்கு மேலும் முதல் அறைக்கு, ஒரு லட்சத்திலிருந்து கோடிக்குள் இரண்டாவது அறைக்கு, மிச்சமெல்லாம் மூன்றாவது அறைக்கு. இதை டெக்ஸ்ட் ஃபார்முலாவில் போடாமல், நேராகக் கட்டத்தின் ஃபார்மட்டில் கஸ்டம் என்ற இடத்தில் போடுங்கள். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: கழித்தல் எண்கள் எவ்வளவு பெரிதானாலும் மூன்றாவது அறைக்குத்தான் போகும். இரண்டரை லட்சம் ரூபாய் கழிவு -250,000 என்று வெள்ளைக்காரன் கணக்கில் தெரியும். நிபந்தனை இரண்டுக்கு மேல் வைக்க இடமில்லை என்பதால் ஒரே கோடில் இதைச் சரிசெய்யவும் முடியாது. ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கழித்தல் வராது என்பதால் உங்களுக்குப் போதும்.

லட்சத்தால் வகுத்து "12.46 லட்சம்" என்று காட்ட ஒரு கோட் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கமா ஆயிரம் ஆயிரமாகத்தான் குறைக்கும், லட்சத்துக்கு நேரடி வழியில்லை. பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு 1,00,000-ஆல் வகுத்துவிடுங்கள். தலைப்பில் "லட்சத்தில்" என்று எழுதுங்கள்.

டெக்ஸ்ட் ஃபார்முலாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. "மார்ச் மாத இருப்பு ரூ. 12,45,600" என்று ஒரு வாக்கியத்துக்குள் தொகையை நுழைக்க அதைவிட நல்ல கருவி இல்லை. வாக்கியத்தை யாரும் கூட்டப் போவதில்லையே.

கையால் அடித்த மொத்தங்களை இந்த வாரமே சரிபாருங்கள். வங்கி உங்கள் கடைக்குக் கேஷ் கிரெடிட்டில் (சரக்கை ஈடாகக் காட்டி வேண்டியபோது எடுக்கும் கடன்) எவ்வளவு எடுக்கலாம் என்பதை அந்த ஸ்டேட்மென்டை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நடுவில் ஒரு சரக்கின் எடையைத் திருத்தியிருப்பீர்கள், கையால் அடித்த மொத்தம் பழையபடியே நிற்கும். தப்பு கண்டுபிடித்தால் முதலாளியிடம் சொல்லி, அடுத்த ஸ்டேட்மென்டுக்குக் காத்திருக்காமல் திருத்தியதை அனுப்பச் சொல்லுங்கள். வங்கி ஆய்வில் அவர்களாகக் கண்டுபிடித்தால் கேள்வி வேறு தொனியில் வரும்.

மிளகின் பூஜ்யம்

0904 என்று அடித்தவுடன் எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யத்தை உதறிவிடுகிறது. மிளகு, மிளகாய்க்கு 0904, மல்லிக்கு 0909, மஞ்சளுக்கு 0910, பருப்புக்கு 0713. உங்கள் கடைச் சரக்கில் பாதி பூஜ்யத்தில் தொடங்குகிறது!

நீங்கள் 0000 என்ற கோட் போட்டுப் பார்த்ததும், ஷீட்டில் சரியாகத் தெரிந்ததும், ஆனால் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து "904 என்று வருகிறதே" என்று போன் வந்ததும் இதனால்தான். சட்டை 0904, ஆள் 904. எக்செல் ஃபைலை நேராகப் படிக்கும் மென்பொருள் ஆளைத்தான் பார்க்கும். ஆனால் சிஎஸ்வி ஃபைலாக (ஃபார்மட் எதுவும் இல்லாமல், கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேமித்தால் எக்செல் திரையில் தெரிகிறபடி, 0904 என்றே எழுதும். சரி, அப்படியானால் சிஎஸ்விதான் நல்லது என்று நினைக்காதீர்கள். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று அந்த சிஎஸ்வியை எக்செலில் திறப்பீர்கள், திறந்த உடனே 904. மூடும்போது சேவ் செய்யவா என்று கேட்டால், ஆம் என்பீர்கள். போயிற்று. அதே சிஎஸ்விதான் காசுகளையும் தின்னும்: #,##0 கோடில் இருக்கும் 2,315.625 அந்த ஃபைலில் 2,316 என்றே பதிவாகும், காசு திரும்பாது.

ஹெச்எஸ்என் எண்ணை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. அது எண்ணே இல்லை, பெயர். அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையின் ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று வைத்துவிடுங்கள் (கோடில் இது @). அல்லது 0904-க்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று அடியுங்கள்.

இதைவிடப் பெரிய வம்பு வங்கிக் கணக்கு எண்ணில். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்வரைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சப்ளையர் ஒருவரின் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால், கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். இங்கே ஆளையே வெட்டிவிடுகிறது. பிறகு எந்தக் கோட் போட்டாலும் அது வராது, மறுபடி பாஸ்புக்கைப் பார்த்து அடிப்பதுதான் வழி. உங்களிடம் நெஃப்ட் அனுப்பும் பட்டியல் இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி

நான் ஆடிட்டர், தொழிலாளர் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இந்த அளவுக்குச் சொல்லலாம். பணம் குறைந்தால் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்க முதலாளிக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது சரியில்லை. ஊழியர் கணக்கு சொல்ல வேண்டிய பணத்தில், அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக இழப்பு வந்தால், அந்த இழப்பின் அளவுக்குப் பிடிக்கலாம். ஆனால் அதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடா சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் இழப்பே கிடையாது. 18,450 ரூபாய் சரக்கு குடோனுக்குத் திரும்பி வந்திருக்கிறது, கிரெடிட் நோட் இருக்கிறது. 17 ரூபாய் கல்லாவிலேயே இருக்கிறது. கல்லாவில் உட்காருவதும் நீங்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே "பற்றாக்குறையை ஒப்புக்கொள்கிறேன்" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால், விளக்கத்தை எழுதியே கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அதற்குப் பிறகும் பிடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இப்போதே அங்கே போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நான்கு வருடம் வேலை பார்த்த இடம். சின்ன முதலாளி கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து 1,800 பில்லைக் கூட்டியிருக்கிறார். அந்தப் பொறுமை உள்ளவருக்குக் காட்டினால் புரியும்.

யாருக்கும் சொல்லாமல் மொத்தத்தை 18,467 கூட்டி அடித்துவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். திரும்பி வந்த சரக்கும் விற்றதாகக் கணக்கில் ஏறி, அதற்கும் கடை வரி கட்டும். அதோடு, இன்றுவரை ஷீட்டில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை. அந்த மொத்தத்தை அடித்த நிமிடத்திலிருந்து மறைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

எப்படிச் செய்யலாம் என்றால், மார்ச் ஃபைலை அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதியோடு பெயர் வைத்துத் தனியாக வையுங்கள். அதில் கை வைக்காதீர்கள். இரண்டாவது நகலில் கோடை மாற்றுங்கள், ரவுண்ட் போடுங்கள். மாற்றியது என்ன என்று ஓரத்தில் நான்கு வரி எழுதுங்கள். சின்ன முதலாளி பக்கத்தில் இருக்கும்போது பழைய ஃபைலைத் திறந்து, காலியான கட்டத்தைச் சொடுக்கி, மேலே தொகை தெரிவதைக் காட்டுங்கள். மூன்று கிரெடிட் நோட்டையும் கையில் வைத்திருங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்புறம் ஒன்று. அதே ஷீட்டைத்தான் வருடம் முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றால், மற்றப் பதினொரு மாதங்களிலும் இதே போல கிரெடிட் நோட்கள் ஒளிந்திருக்கும். ஃபில்டரில் 0-க்குக் குறைவானவை என்று கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். பட்டியல் எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி ரிட்டனில் காட்டாமல் விட்டுப்போன கிரெடிட் நோட் ஏதாவது இருந்தால், நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30-க்குள், அதற்கு முன்பே ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதிக்குள், காட்டியாக வேண்டும். பட்டியல் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.